அரை மணிக்கொரு கிளறல்

அன்னாசிச் சாறு கிண்ணத்தோடு கல்லாகிவிட்டது. கிடங்கில் மூட்டை தூக்கும் மனுஷன் அதை ஸ்பூனால் குத்தினார், ஸ்பூன் வளைந்தது. சுத்தியலால் ஒரு போடு போட்டார். கிண்ணம் இரண்டாகப் பிளந்தது. ஐஸில் ஒரு கீறல்கூட இல்லை.

"ஐஸ் செய்யப் போறேன்னுட்டு கல்லு உடைக்கிறீங்களே!" என்று அவர் மனைவி சிரித்தாள்.

அவள் சிரித்ததே பெரிய விஷயம். காய்ச்சல் விட்டு மூன்று வாரமாகியும் நாக்கில் ருசி திரும்பவில்லை. சோறு மண் மாதிரி இருக்கிறது என்று பாதியில் எழுந்துவிடுவாள். உறைப்பும் குளிர்ச்சியும் சேர்ந்தால் செத்த நாக்கும் எழுந்துகொள்ளும் என்றார் மருந்துக்கடைக்காரர். அன்றே இவர் கிடங்குக்கு லீவு சொல்லிவிட்டார். போன மாதம் மூட்டை சரிந்து இடுப்பில் விழுந்தபோதுகூட, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுநாள் காலையில் வேலைக்குப் போய் நின்ற மனுஷன்.

"எப்பய்யா வருவே?" என்று போனில் கத்தினார் மேஸ்திரி.

"அவளுக்கு நாக்குல ருசி வந்த மறுநாள் வந்துடுறேன்!" என்று வீடே கேட்கக் கத்தினார் இவர்.

அடுத்த தடவை, கல்லாகக் கூடாதென்று சர்க்கரையை அள்ளிக் கொட்டினார். இரண்டு நாளாகியும் அது உறையவே இல்லை. பாகு வழிந்து, ஃப்ரிட்ஜ் கதவில் எறும்பு வரிசை கட்டியது.

மனைவியே வழி சொன்னாள். "அரை மணிக்கு ஒரு தடவை முள்கரண்டியால கிளறணும். கிளறிட்டு அந்தப் பாயில படுங்க. நேரமானா கூப்பிடுறேன்."

"நான் எதுக்குப் படுக்கணும்?"

"நீங்க நடந்தா வீடே அதிருது. ஐஸ் எப்படி உறையும்?"

நியாயமாகத்தான் பட்டது. படுத்தார்.

இந்த முறை பூப்பூவாக வந்தது. இரண்டு ஸ்பூன் மிளகுத்தூள் போட்டிருந்தார். சாப்பிட்டவள், "வெறும் தண்ணி" என்றாள். மறுநாள் சுக்கும் சேர்ந்தது. "குளிருது, அவ்வளவுதான்." அதற்கு மறுநாள் மிளகாய்த்தூளைக் கைப்பிடியாய் அள்ளிப் போட்டார். அவளுக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது.

"என்ன புள்ள, உறைக்குதா?"

"நீங்க படுற பாட்டைப் பாத்து அழுகை வருது. நாளைக்கும் செஞ்சு பாருங்க."

சொன்னவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் வெகுநேரம் ஓடியது.

தைத்த ரவிக்கையைக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுத் தையல்காரி, ஐஸில் ஒரு வாய் அள்ளிப் போட்டுவிட்டு, சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் காலி செய்தாள்.

"அண்ணே, இது ஐஸா, கொள்ளிக்கட்டையா?"

"உனக்குத் தெரியுது தங்கச்சி. அவளுக்குத் தெரியலையே." காலிச் சொம்பை வாங்கி வைத்தார். "இனிமே எந்த டாக்டர்கிட்ட காட்டுறது?"

தையல்காரி குளியலறைக் கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"ருசி வந்து ஒரு வாரமாச்சுண்ணே, சொன்னா மறுநாளே மூட்டை தூக்கப் போயிடுவீங்களாம், உங்க இடுப்பு ஆறட்டும்னுதான் நெருப்பை முழுங்கிட்டுக் கெடக்கா."