இருபது அடி தள்ளித் தொங்கிய நட்சத்திரம்

பனவிளை, கருங்கல் வழி
1954 டிசம்பர் 27

மகா கனம் பொருந்திய பத்திராதிபர் ஐயா அவர்கள் சமுகத்துக்கு, பனவிளை சபையைச் சேர்ந்தவனும், தாலுகா கச்சேரியில் முப்பத்தொரு வருஷம் குமஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவனுமாகிய செல்வதாஸ் தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. இவ்விடத்தில் நானும் என் வீட்டுக்காரி நேசம்மாளும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்றும் சேர்த்து எழுதினால் பொய்யாகிவிடும். தாங்களும் தங்கள் அச்சாபீஸ்காரர்களும் பண்டிகையைச் சந்தோஷமாகக் கொண்டாடியிருப்பீர்கள். கொண்டாடுங்கள் ஐயா. அடுத்தவன் வீட்டுப் பண்டிகையைக் கெடுத்தவர்களுக்குச் சந்தோஷத்துக்கு என்ன குறை.

தங்கள் பத்திரிகையின் நவம்பர் மாத இதழில், கிறிஸ்துமஸ் காலத்தில் வீட்டைப் பத்திரமாக அலங்கரிப்பது பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். எழுதியவர் தம் பேரைக்கூடச் சொல்லத் துணியாமல் ‘சென்னை வாசகர் ஒருவர்’ என்று ஒளிந்துகொண்டிருக்கிறார். முதல் பக்கத்தில் ஏதோ கதை அளந்திருந்தார். அதை நான் படிக்கவில்லை. கச்சேரியில் வந்த பழக்கம், நம்பர் போட்டு எழுதியதை மட்டுந்தான் படிப்பேன். இரண்டாம் பக்கத்தில் ஒன்று முதல் ஏழு வரை விதிகள் இருந்தன. அந்தத் தாளை மட்டும் கத்தரித்துக் கஞ்சிப்பசை தடவிச் சுவரில் ஒட்டினேன். நான் செய்த முதல் தப்பு அது.

எங்கள் சங்கடம் தங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு ஒரே மகன், ஜெயசிங். கச்சேரியில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தேன், போகமாட்டேன் என்றான். போகாதவனுக்கு இந்த வீட்டில் சோறு இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னேன். எந்தத் தகப்பன்தான் சொல்லவில்லை? அவன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஒரு வருஷமும் பதினொரு மாதமும் ஆகிறது. இருக்கிறானா இல்லையா என்று ஒரு கார்டு கிடையாது. போன கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருக்க மனசில்லாமல் களியக்காவிளையில் மைத்துனர் வீட்டுக்குப் போய்விட்டோம். இந்த வருஷம் நேசம்மாள் ஒரே பிடியாக நின்றாள். எங்கள் சபையில் பஜனைக் கூட்டம் வீடு வீடாகப் பாடி வரும்போது, வெளியூரில் இருக்கிற பிள்ளைகளின் பேரைச் சொல்லி வாசலில் நின்று மூப்பர் ஜெபம் பண்ணுவார். “நம்ம பிள்ளைக்க பேரை நம்ம நடையில நிண்ணு சொல்லணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்” என்றாள். பஜனை வரவேண்டுமானால் வீட்டில் காகித நட்சத்திரத்துக்குள் விளக்கு எரியவேண்டும். எனக்கோ நட்சத்திரம் என்றாலே பயம். எங்கள் முன்கட்டு ஓலைக்கூரை. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அந்தப் பயல் கட்டிய நட்சத்திரம் பற்றிக்கொண்டு, அதை அணைக்கப்போய் இவள் வலது கை வெந்து, அந்த விரல்கள் இன்றைக்கும் முழுசாக மடங்குவதில்லை. அதனால்தான் ஐயா, தங்கள் கட்டுரையைக் கண்டதும் தெய்வமே அனுப்பியது என்று நம்பினேன்.

டிசம்பர் இருபத்துமூன்று. நட்சத்திரம் கூரையிலிருந்து இருபது அடி தள்ளித் தொங்கவேண்டும் என்றது முதல் விதி. அளவுநாடா பிடித்துப் பார்த்தேன். இருபதாவது அடியில் இருந்தது எல்லைப் பலாமரம். மரம் என்னுடையது, கிளைகளெல்லாம் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணமணியின் முற்றத்தில். தேங்காய் யாபாரி, வேற மதம், நல்ல மனுஷன், அவரிடம் எனக்குப் பகை ஒன்றுமில்லை, அன்றைக்கு வரைக்கும் இல்லை. கிளையில் நட்சத்திரத்தைக் கட்டி உள்ளே சிம்னி விளக்கை வைத்தேன். வாசலில் காய்ந்துபோகிற தோரணம், வர்ணக்காகிதம் எதுவும் கூடாது என்றிருந்தது, நேசம்மாள் ஆசையாகக் கட்டிய குருத்தோலையைப் பிய்த்து எறிந்தேன். தீப்பிடித்தால் ஓடுவதற்குத் தடையாக முன்னறையில் சாமான் இருக்கப்பிடாதாம், பெஞ்சையும் நாற்காலியையும் தூக்கி முற்றத்தில் போட்டேன். நாலு குடம் தண்ணீரும் ஒரு குவியல் மணலும் வாசலில். கூரையின் மேல் நனைத்த சாக்கு, அது சொட்டி உள்ளே ஆறவைத்திருந்த முந்திரிக்கொத்துப் பலகாரம் கூழாகப் போனது, போகட்டும். எரிகிற விளக்கை விட்டு ஆள் நகரக்கூடாது என்பது ஏழாம் விதி. நகரவில்லை ஐயா. சாயங்காலம் நாலு மணிக்கே போய்ப் பலாமரத்தடியில் உட்கார்ந்தேன். பனி கொட்டியதால் தலையில் ஒரு வெள்ளைத்துண்டைப் போட்டுக்கொண்டேன்.

இப்போது தாங்களே தயவுசெய்து அந்த வீட்டைப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம் கட்டமாட்டார்கள். பஜனைக்காரர்களும் அந்த வாசலில் பாடமாட்டார்கள், ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். வெறுங்கூரை, முற்றத்தில் பெஞ்சு, வாசலில் குடங்கள், தலையில் துண்டு போட்டு மரத்தடியில் ஒரு கிழவன். என்ன ஒன்று குறைகிறது? சவப்பெட்டி ஒன்றுதான் குறைகிறது.

ஆறரை மணிக்குப் பஜனை வந்தது. தெருமுனை வரைக்கும் மிருதங்கம் கேட்டது, என் வீட்டைக் கண்டதும் நின்றுவிட்டது. மூப்பர் ஞானையன் மட்டும் மெதுவாக வந்து என் தோளில் கை வைத்தார். “தைரியமா இரியும் வே. நாங்க பாடி உம்ம மனச நோவடிக்க மாட்டோம்” என்றார். தீயைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். “எல்லா ஏற்பாடும் பண்ணியாச்சு மூப்பரே, இனி ஆண்டவர் விட்ட வழி” என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். எங்கே போகிறார் என்று பார்த்தால், பலாக்கிளை காட்டிய வழியில் கிருஷ்ணமணி வீட்டுக்கு! இந்த வருஷம் அவர் வாசலில் நட்சத்திரம் எரிகிறது, பாடாமல் போகலாமா? மூன்று பாட்டு. அவர் பெஞ்சாதி பழமும் சுக்குக்காப்பியும் கொடுத்தாள். ஏழாம் விதியை மதித்து நான் எழுந்திருக்கவில்லை. நேசம்மாள் வாசல்படியில் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். வெளியூரில் பிள்ளைகள் உண்டா என்று மூப்பர் கேட்க, பேச்சிப்பாறை ரப்பர் தோட்டத்தில் மகன் இருக்கான் என்று கிருஷ்ணமணி சொல்ல, அவன் பேரைச் சொல்லி, அவன் கையையும் காலையும் காத்து வீட்டுக்குக் கொண்டுசேர்க்கும்படி மூப்பர் உருகி ஜெபம் பண்ணினார். மறுநாள் காலை அந்தப் பயல் பத்து நாள் லீவில் வந்து இறங்கிவிட்டான் ஐயா! கிருஷ்ணமணி வேலியோரம் வந்து, “வே செல்வதாசு, உங்க சாமி நல்ல சாமியாக்கும்” என்கிறார்.

அதோடு விட்டதா? அதே இருபத்துநாலாம் தேதி காலை எட்டு மணிக்கு, மூப்பர் பெஞ்சாதி ராகேல் நாலு பெண்களோடு மார்பில் அடித்துக்கொண்டு வந்தாள். “மைனீ, எம் பிள்ள ஜெயசிங்குக்கு என்னவாக்கும் செய்தது? எப்பம் தந்தி வந்தது?” என்று ஒப்பாரி. நேசம்மாள் அடுப்பங்கரையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தந்தி எனக்கு வந்து, நான் அவளிடம் மறைத்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். “பிள்ள போனதயா எங்கிட்ட மறச்சுப் போட்டிய?” என்று ஒரே ஒரு கேள்வி. தந்தியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்று வேதப்புத்தகத்தில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். ராகேல் வெட்கப்பட்டு எழுந்து போனாள். ஆனால் நேசம்மாள் அப்புறம் என்னிடம் பேசவில்லை. கோயிலுக்கு வரவில்லை. பண்டிகைச் சோற்றைத் தொடவில்லை. இத்தனை நாளும் அவன் எங்கேயோ இருக்கிறான் என்று இருந்தாள். சாவு என்ற பேச்சு நடைக்குள் வந்துவிட்டது, இனி அதை எப்படி வெளியே தள்ளுவது? எனக்கும் ராத்திரி கண்ணை மூடினால் அதே நினைப்புத்தான், அவளிடம் சொல்லவில்லை, தங்களிடம் சொல்கிறேன்.

ஆகவே ஐயா, அந்தச் சென்னை வாசகர் யார் என்று எனக்குத் தெரிந்தாகவேண்டும். தீ என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது, நிச்சயமாகத் தெரியாது. பட்டணத்தில் சுவிட்சைத் தட்டுகிறவருக்கு ஓலைக்கூரையைப் பற்றி என்ன பேச்சு? அவரைப் பெத்தவன் எவனோ, காலாகாலத்தில் நாலு அடி கூடக் கொடுத்து வளர்த்திருந்தால் இப்படி ஊருக்கெல்லாம் விதி எழுதும் துணிச்சல் வந்திருக்காது. அவர் பேரைப் போட்டு, அவர் மன்னிப்பையும் போட்டு, அடுத்த இதழில் பிரசுரிக்காவிட்டால் என் சந்தாவை இத்துடன் நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். தங்களுக்கும் தங்கள் குடும்பத்துக்கும் வருகிற புதுவருஷத்தில் ஆண்டவர் சகல பாக்கியமும் தருவாராக. மனசில்லாமல்தான் எழுதுகிறேன், ஆனாலும் தருவாராக.

இப்படிக்கு,
மனம் நொந்த
செல்வதாஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன், இதழின் பக்க எண்ணைக் குறிப்பதற்காக நவம்பர்ப் புத்தகத்தை எடுத்துத் தரும்படி நேசம்மாளிடம் கேட்டேன். மூன்று நாளாகப் பேசாதவள் பெட்டியைத் திறந்து எடுத்தாள். எடுத்தவள் தரவில்லை. நான் கத்தரித்ததற்கு முந்தின பக்கத்தை, பெட்டிப் பக்கத்திலேயே நின்று எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிறகு வந்து புத்தகத்தை என் முன்னால் விரித்து, அந்த வலது கையை அதன்மேல் வைத்தாள். அதில் இப்படி அச்சாகியிருக்கிறது: ‘எனக்குப் பதினோரு வயசில் நான் கட்டிய நட்சத்திரம் கூரையில் பற்றிக்கொண்டது. எங்கள் அம்மா அதை வெறுங்கையால் பிடுங்கி எறிந்தாள். அப்பா என்னைப் பூவரசங்கம்பால் அடித்தார். அப்புறம் அம்மா கையில் எண்ணெய் பூசும்போது அவர் கைதான் அதிகம் நடுங்கியது. இந்த வருஷம் விளக்கேற்ற நான் அங்கே இல்லை. அந்தக் கை மறுபடியும் தீயில் போகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.’

இந்தப் புத்தகம் மாதம் தவறாமல் இந்த வீட்டுக்கு வரும் என்று அவனுக்குத் தெரியும். அவன் போட்ட கடிதத்தைத்தான் நான் பாதியாகக் கத்தரித்திருக்கிறேன்.

ஐயா, மேலே எழுதியிருப்பது ஒன்றையும் பிரசுரிக்க வேண்டாம். மன்னிப்பு வேண்டாம், சந்தாவை நிறுத்தவேண்டாம். விதிகள் ஏழும் சரியானவை. அந்த வாசகரின் விலாசம் மட்டும் வேண்டும். அவன் அம்மா கேட்பதாக எழுதுங்கள். நானும் கேட்பதாக எழுதினாலும் பாதகமில்லை. தங்கள் பதில் கடிதத்தில் அந்த விலாசத்துக்கு முன்னால் ஒன்று என்று நம்பர் போட்டு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். நம்பர் போட்டிருந்தால் நான் படிக்காமல் விடமாட்டேன்.