கோயில் ஸ்பீக்கரில் இரைச்சல் நின்ற விதம்

அக்கரப்பத்தனை,
திங்கட்கிழமை.

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு, மருமகன் யோகேஸ்வரன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மகள் சுலக்ஷனாவும் சுகம். வட்டவளை வைத்தியரின் எண்ணெய்க்கு உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறோம். போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம். உங்கள் பக்கம் பஸ்ஸில் வரும் பையன் சுமனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போன வெள்ளிக்கிழமை பூசையில், பத்து வருசமாக ஸ்பீக்கரில் கேட்ட 'ம்ம்ம்' இரைச்சல் திடீரென்று நின்றதே, எல்லாம் நம் கோயில் தலைவரின் கைராசி என்று பொன்னையா பூசாரி மைக்கிலேயே சொல்லி உங்களுக்கு மாலை போட்டாரே, மாமா, அது நான் செய்த வேலை. தெரிந்து செய்யவில்லை.

வருகிற வியாழக்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தைப் பார்க்க அதிகாரிகள் வருகிறார்கள். அவர்களுக்குத் திருப்தியானால்தான் உயர்தர விஞ்ஞான வகுப்பு கிடைக்கும். இல்லாவிட்டால் என் மாணவி தனுஜாவும் மற்றப் பத்துப் பிள்ளைகளும் தினமும் ஹட்டனுக்கு பஸ் ஏற வேண்டும், பாதிப் பேரைப் பெற்றோர் வீட்டில் நிறுத்திவிடுவார்கள். எங்களிடம் உள்ள ஒரே பெரிய சாமான் பழைய அலைவுகாட்டி. மின்சாரம் ஓடுவதைத் திரையில் பச்சைக் கோடாகக் காட்டும் பெட்டி அது. ஒன்றையும் இணைக்காதபோது கோடு நேராக நிற்க வேண்டும். எங்களுடையது நெளிந்தது. ஏன் நெளிகிறது? இந்தக் கேள்வி வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. திறந்து பார்த்தேன். மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதியில் பெருவிரல் தடிப்பில், கரண்டைச் சேர்த்துவைக்கும் ஒரு கெப்பாசிட்டர். இதுதான் கள்ளன் என்று பிடித்தேன். அணைத்த பிறகும் அதில் கரண்ட் தங்கியிருக்கும் என்று வருசா வருசம் படிப்பிப்பவன் நானேதான், இருந்தும் அடி வாங்கிச் சுவரோரம் போய் உட்கார்ந்தேன். ஹட்டனில் ராசிக் நானாவின் ரேடியோ கடையில் கேட்டால், "கொழும்புக்குச் சொல்லி எடுக்கணும் சேர், பத்து நாளாகும்" என்றார். அதே அளவு கெப்பாசிட்டர் நம் கோயில் ஸ்பீக்கருக்குச் சத்தம் கூட்டும் அம்ப்ளிஃபயரில் இருப்பது அப்போது ஞாபகம் வந்து தொலைத்தது. அது இருக்கும் கோயில் ஸ்டோரைக் கூட்டுகிறேன் என்று உங்களிடமே சாவி வாங்கி, அந்தக் கெப்பாசிட்டரை எங்கள் பெட்டிக்குக் கழற்றி எடுத்துக்கொண்டு, இடம் காலியாக இருந்தால் கண்டுபிடித்துவிடுவீர்களே என்று பழுதென்று நான் நினைத்த எங்களுடையதை அங்கே வைத்துச் சோல்டர் பிடித்தேன்.

இங்கே கோடு இன்னும் மோசமாக ஆடியது, அங்கே உங்களுக்கு மாலை விழுந்தது. அப்படியென்றால் நான் கள்ளன் என்று பிடித்தது நிரபராதி, பழுது கோயில் கெப்பாசிட்டரில். இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது மாமா, வெட்கம் பிறகுதான் வந்தது. உண்மையான குற்றவாளி பக்கத்திலிருந்த, கரண்டை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் சின்ன டயோட். மாற்றிவிட்டேன். இப்போது எங்கள் கெப்பாசிட்டர் திரும்பி வந்தால் கோடு நேராகிவிடும். ஆனால் நான் இன்னும் திருப்பித் தராத கோயில் சாவியை வைத்துக்கொண்டு சுலக்ஷனா, "எங்கப்பா சொல்லாம சாவி தரமாட்டேன்" என்று நிற்கிறாள். வெள்ளிக்கிழமை திருவிழாவில் நீங்கள் பேச இருப்பதும், எங்களுடையதை எடுத்தால் பழைய இரைச்சல் திரும்பிவிடும் என்பதும் தெரியும். புதன்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். நீங்கள் மாட்டேன் என்றால் நான் தொடமாட்டேன், இது சத்தியம்.

அத்தைக்கும் மச்சாளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும். முழங்காலைக் குளிரில் காட்ட வேண்டாம்.

உங்கள் கீழ்ப்படிவுள்ள மருமகன்,
யோகேஸ்வரன்.

பி.கு. (செவ்வாய்க்கிழமை): நேற்று உறை ஒட்டும் முன் சுலக்ஷனா கடிதத்தை வாங்கி வாசித்தாள். "அப்பாகிட்ட கேட்டா மாட்டேன்னுதான் சொல்லுவாங்க. அதுக்குள்ள அந்தப் புள்ளைங்க படிப்பு போயிரும்" என்று சாவியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். டோர்ச் பிடித்ததும் அவள்தான். எங்கள் கெப்பாசிட்டர் வந்துவிட்டது, பழையது கோயிலுக்கே திரும்பிவிட்டது, கோடு நேராக நிற்கிறது. இன்று காலை அதைப் பார்த்த தனுஜா, "சேர், வியாழக்கிழம வரைக்கும் இதுகிட்ட போகாதீங்க" என்று ஆய்வுகூடத்தைப் பூட்டிச் சாவியை அதிபரிடம் கொடுத்துவிட்டாள். ஆகவே நீங்கள் பதில் அனுப்ப வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள், மாமா.