முதுகளவு கறை

ஜோசப்ராஜ் எழுந்து திரும்பிப் பார்த்தபோது, அவருடைய முதுகு மட்டும் இன்னும் சோபாவில் சாய்ந்திருந்தது. பச்சை வெல்வெட்டில் கறுப்பாக, அச்சு அசலாக.

வியர்வைதான், வேறென்ன. தாராவியில் நாலாவது மாடி. ஃபேன் சுற்றியும் காற்று வராத மே மாத மத்தியானம்.

சொந்த சோபா என்றால் இவ்வளவு பயம் இல்லை. இது எதிர் வீட்டு அக்தர் பானுவுடையது. அங்கே பெயிண்ட் அடிப்பதால் ஒரு வாரமாக இங்கே இருக்கிறது. நாளை அவள் மகள் ஷைஸ்தாவைப் பெண் பார்க்கப் பாண்டுப்பிலிருந்து வருகிறார்கள். அவர்கள் உட்காரவென்றே புதிதாக வாங்கியது.

"நம்பி விட்டுருக்கா. ஒங்க எண்ணெத் தலையோட அதுல சாஞ்சியன்னா, பொறவு நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்று மனைவி கிளாரா முதல் நாளே சொல்லிவிட்டாள். அவர் மத்தியானம் வேலைவிட்டு வரும்போதெல்லாம் உள்ளங்கையால் சோபாவைத் தடவிக்கொண்டிருப்பாள். கேட்டால், "தூசி" என்பாள். அவரும் ஒரு வாரமாகத் தரையில் உட்கார்ந்துதான் டீ குடித்தார்.

இன்று கிளாராவும் அக்தர் பானுவும் பூ வாங்க தாதருக்குப் போயிருந்தார்கள். சபலம் யாரை விட்டது?

ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் பார்க்கும் மச்சினன் ஜெப்ரிக்கு போன் போட்டார்.

"என்ன துணி அத்தான்?"

"சோபாத் துணிதான்."

"அதுலயே பத்து வகை இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வைத்தியம். தொட்டுப் பாருங்க."

தொட்டார். "மெத்துன்னு இருக்கு."

"அப்ப காட்டனா இருக்கும். சோப்புத் தண்ணியில துணிய முக்கிப் பிழிஞ்சு லேசா ஒத்தி எடுங்க."

லேசாக என்பது ஜோசப்ராஜுக்கு வராத கலை. பாத்திரம் தேய்க்கும் சோப்பை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, தேய் தேய் என்று தேய்த்தார். சோபாவிலிருந்த முதுகு போய்விட்டது. அந்த இடத்தில் அண்டா அகலத்துக்கு ஒரு நுரை வட்டம் வந்தது.

"மினுமினுப்பும் போயிட்டுடா ஜெப்ரி."

"மினுமினுப்பா? ஐயோ அத்தான், வெல்வெட்டா அது? அடியில சீட்டு தச்சிருப்பான், பாருங்க!"

குனிந்து பார்த்தார். "வாளிப் படம் போட்டு, மேல பெருக்கல் குறி போட்டிருக்கான்."

"தண்ணியே ஆகாதுன்னு அர்த்தம். இனிமே தேய்க்காதிய. காஞ்ச துணியால ஒத்திட்டு ஃபேனுக்கு அடியில விடுங்க. சூடு மட்டும் காட்டிராதிய."

அதற்குள் கிளாராவின் குரல் மெசேஜ் வந்தது. "பஸ்சு மாட்டுங்கா தாண்டிட்டு. டீ போட்டு வைங்க."

இனி ஃபேனை நம்பிப் பிரயோஜனமில்லை. இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். லேசாகத்தான் வைத்தார். நுரை வட்டத்தின் நடுவில் வெல்வெட் நசுங்கி, இஸ்திரிப் பெட்டியின் உருவம் பளபளவென்று படிந்தது.

பெட்ஷீட்டைப் போர்த்திவிட்டு டீக்கு அடுப்பைப் பற்றவைத்தார். இருவரும் வந்துவிட்டார்கள். அக்தர் பானு பெட்ஷீட்டைத் தூக்கினாள். பூப்பொட்டலம் கீழே விழுந்தது.

"யா அல்லா! என்னண்ணே இது?"

பொய் யோசிக்க நேரமில்லை. "தெரியாம சாஞ்சுட்டேம்மா. என் முதுகு மாதிரியே கறுப்பா ஒரு கறை. அதப் போக்கத்தான்... பிள்ள காரியத்தக் கெடுத்துட்டேன்." அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

கிளாரா கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ டீ பொங்குகிறதா பார்க்க வேகமாக அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அக்தர் பானு தலையில் கை வைத்தபடி, நனையாத ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்து எழுந்தாள். அங்கேயும் கறுப்பாக ஒரு கறை. உள்ளங்கையால் ஒரு தடவு தடவினாள். கறையைக் காணவில்லை.

"கறையாண்ணே இது? வெல்வெட்டுல யாரு உக்காந்தாலும் தடம் விழத்தான் செய்யும். தெனம் மத்தியானம் சீரியல் முடிஞ்சதும் நானும் கிளாராவும் எந்திரிச்சு இப்படித்தான தடவி விடுதோம்!"