கில்மனுக்கு மூன்று வேட்டு

பெட்டியின் மூடியை நெம்பித் திறந்ததும் டெல்மர் துப்பாக்கிகளைத் தேடினார். உள்ளே துப்பாக்கி எதுவும் இல்லை. வெல்லப்பாகு நிறத்தில் ஒரே பாளமாக உறைந்த கிரீஸ்தான் இருந்தது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்த பிறகுதான், ஏரியின் பனிக்கு அடியில் தூங்குகிற மீன்களைப் போல, அதற்குள் ஏழு நீளமான உருவங்கள் படுத்திருப்பது தெரிந்தது.

"என்னடா ஹார்லன் இது?"

ஹார்லன் விரலால் குத்திப் பார்த்தார். விரல்தான் மடங்கியது.

"கிடங்குல துருப் பிடிக்காம இருக்கப் பூசுற கிரீஸ். எங்க மாமா ஒருத்தர் பழைய பட்டாளத்துத் துப்பாக்கி ஒண்ணு வாங்கினார். இதைத் துடைச்சு முடிக்கறதுக்குள்ள மான் வேட்டை சீசனே முடிஞ்சுபோச்சு."

"இன்னிக்கு மத்தியானம் கில்மனை அடக்கம் பண்ணணும்டா!"

"அதனாலதான் சொல்றேன்."

தப்பு டெல்மருடையதுதான். முன்னாள் படைவீரர் சங்கத்தின் பழைய துப்பாக்கிகள் தேய்ந்துபோனதால் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு கேட்டிருந்தார்கள். பெட்டி வந்து சில வாரமாகிறது. ராணுவம் அனுப்பினால் எல்லாம் தயாராகத்தான் இருக்கும் என்று நம்பி, டெல்மர் அதை மூலையில் போட்டு அதன்மேல் காபிக் கோப்பையை வைத்துக்கொண்டிருந்தார்.

வேறு யாருடைய சாவாக இருந்தாலும் சமாளித்திருக்கலாம். போனது கில்மன். ஊருக்குத் தெரிந்தவரை அந்த ஊரின் ஒரே நிஜமான சிப்பாய். டெல்மர் தன் பட்டாளத்து நாட்களை கேன்சஸில் ஓர் அலுவலகத்தில் விடுமுறைச் சீட்டு தட்டச்சு செய்து கழித்தவர். ஹார்லன் உருளைக்கிழங்கு உரித்தவர். கில்மனோ போரைப் பற்றி வாயே திறக்கமாட்டார். படைவீரர் தினத்தன்று யாராவது வற்புறுத்தினால், வயலைத் தாண்டி எங்கேயோ பார்த்து, "துப்பாக்கி நிறையப் பார்த்துட்டேன்" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஊர்க்காரர்கள் ஒரு மலையையும் ஓர் ஆற்றையும் ஒரு முழுப் போரையும் கட்டியிருந்தார்கள்.

முந்தின நாள்தான் டெல்மர் கில்மனின் மனைவி செல்மாவின் வீட்டுக்குப் போய் வாக்குக் கொடுத்திருந்தார். "ஏழு துப்பாக்கி, மூணு வேட்டு. ஏழும் ஒரே சத்தமாக் கேக்கும்."

"அவருக்கு எதுக்குப்பா அதெல்லாம்?" என்றார் செல்மா.

பெரிய வீரர்களின் மனைவிமார் இப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள் என்று டெல்மர் உருகிப்போய்த் திரும்பினார்.

"வழிச்சு எடுப்போம்," என்றார் இப்போது.

வழித்தார்கள். துப்பாக்கியிலிருந்து கிரீஸ் குறையவில்லை. கையிலும் கதவுப்பிடியிலும் ஹார்லனின் மூக்குக் கண்ணாடியிலும் மட்டும் கூடியது. வெளியே வடக்கு டகோட்டாவின் நவம்பர் காற்று. சங்கக் கூடத்தில் கணப்பு இல்லை. அந்தக் குளிரில் கிரீஸ் மெழுகுவர்த்தியைப் போல நின்றது.

"சூடு வேணும்டா. வெயில் காலமா இருந்தா கறுப்புப் பையில சுத்திக் காருக்குள்ள போட்டா உருகி ஓடிடும்," என்றார் ஹார்லன்.

"இப்ப எங்க சூடு இருக்கு?"

இருவருக்கும் ஒரே இடம்தான் தோன்றியது. அங்கே நுழைய இருவருக்குமே பயம்.

தேவாலயத்தின் கீழ்த்தளச் சமையலறை ஆர்டிஸ் அம்மாளின் ராஜ்யம். துக்க விருந்துக்கான பன்றித் தொடை ஒரு பெரிய மின்சாரப் பாத்திரத்தில் வெந்துகொண்டிருந்தது. ஓவனில் இனிப்புப் பலகாரம். சங்கத்தின் மற்ற ஐந்து பேரையும் சேர்த்துக்கொண்டு, ஏழு பேரும் ஏழு கிரீஸ் உருவங்களைத் தூக்கிக்கொண்டு படி இறங்கியபோது ஆர்டிஸ் அம்மாள் கரண்டியை ஓங்கினார்.

"என்னது அது? செத்த முதலையா?"

"துப்பாக்கிம்மா. கில்மனுக்காக. ஒரு ஓவன் மட்டும் குடுங்க தாயே."

கில்மன் பெயருக்குக் கரண்டி இறங்கியது. "எதையாவது தொட்டுட்டுத் தொடைக்காம போனீங்கன்னா, அடுத்த அடக்கம் யாருக்குன்னு நான் சொல்லமாட்டேன்."

துப்பாக்கிகளைப் பிரித்தார்கள். மரக் கட்டைகளை இரண்டாவது ஓவனில் அடுக்கி மெல்லிய சூட்டில் வைத்தார்கள். முதலில் நன்றாகத்தான் போனது. கட்டைகள் வியர்த்தன. பொன்னிறமாகச் சொட்டுகள் இறங்கின. ஏழு பேரும் கண்ணாடிக் கதவு வழியாகக் குழந்தைகள் மாதிரி வேடிக்கை பார்த்தார்கள். "மெதுவா உருகுது, இன்னும் கொஞ்சம் ஏத்துவோம்" என்று ஹார்லன் குமிழைத் திருப்பினார்.

புகை வந்தது. மெழுகும் பெட்ரோலும் பழைய இரும்பும் கலந்த ஒரு வாசனையோடு அது படியேறி மாடிக்குப் போனது. அங்கே பிரசங்கத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த பாஸ்டர் தொலைபேசியை எடுத்தார். தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் இருந்த சங்கு ஊளையிட்டது.

அந்த ஊரில் தீயணைப்புப் படை என்று தனியாக ஒன்று கிடையாது. இதே ஏழு பேர்தான். சங்கு கேட்டதும் பழக்க தோஷத்தில் ஏழு பேரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினார்கள். தெருவைக் கடந்து, தொப்பியும் கோட்டும் மாட்டி, வண்டியைக் கிளப்பி, மணியடித்துக்கொண்டு வந்து, குழாயைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் பாய்ந்தார்கள்.

"எங்க தீ?" என்று கத்தினார் டெல்மர்.

ஆர்டிஸ் அம்மாள் ஓவனை அணைத்து, சன்னலைத் திறந்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார்.

"ஏண்டா," என்றார் ஹார்லன் மெதுவாக, "இங்கேருந்துதானே நாம போனோம்?"

"ஆண்டவரே," என்று ஆர்டிஸ் அம்மாள் கூரையைப் பார்த்தார், "இவனுங்க கையில துப்பாக்கி வேற குடுக்கிறாங்களே."

அடுத்தது இரும்பு. கொதிநீரில் போட்டால் கிரீஸ் மிதக்கும் என்று ஹார்லன் சொன்னார். அவரை யாரும் நம்பவில்லை; ஆனால் வேறு யோசனை சொல்லவும் யாரும் இல்லை. பன்றித் தொடையை வெளியே எடுத்துவைத்துவிட்டு, அந்தப் பாத்திரத்திலேயே ஏழு துப்பாக்கிகளின் பாகங்களையும் கொட்டினார்கள். கிரீஸ் மிதந்தது! டெல்மர் கண்கலங்கிவிட்டார். அந்த நீரை அப்படியே பாத்திரம் கழுவும் தொட்டியில் சாய்த்தார்.

சூடாக இருந்தவரை குழாய்க்குள் ஓடிய கிரீஸ், பூமிக்கடியில் குளிர்ந்த இடத்துக்குப் போனதும் நின்று உறைந்துவிட்டது. தொட்டி நிரம்பியது. பிறகு பக்கத்துத் தொட்டி. பிறகு தரையிலிருந்த வடிகால் ஒரு முறை ஏப்பம் விட்டு, உள்ளே போனதையெல்லாம் திருப்பிக் கொடுத்தது.

"பூசினவன் கை விளங்காமப் போக!" என்றார் ஹார்லன், காலணியில் ஒட்டியதைப் பார்த்து. "ஒரு துப்பாக்கிக்கு இவ்வளவு கிரீஸா? ஊர்ச் சொத்துன்னா அள்ளி அப்பிடுவானா?"

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பெயர் தெரியாத அந்தக் கிரீஸ்காரனின் சோம்பேறித்தனம், குடும்பம், சமையல், எல்லாம் அலசப்பட்டன. டெல்மரும் தன் பங்குக்கு அவன் பல் வலியில் சாகவேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆனால் ஒரு சின்னச் சுருள்வில்லைக் கந்தையால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தபோது திட்டுவதை நிறுத்திவிட்டார். நேற்றுக் கடைந்தது மாதிரி நீலமாக மின்னியது. திருகு இடுக்கில்கூட அவன் விரல் போயிருக்கிறது. கண்ணுக்கே தெரியாத இடத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

ஆர்டிஸ் அம்மாளும் குனிந்து பார்த்தார். "எத்தனை வருஷம் பெட்டியில கிடந்தது?"

"நாப்பது இருக்கும்."

"ஒரு புள்ளி துரு இல்ல. எங்க வீட்டு வேலிக்குப் பெயின்ட் அடிச்சவன் ரெண்டு குளிர்காலம் தாங்கல. திட்டாதீங்கய்யா, அவன் வேலைக்காரன்."

"வேலைக்காரன்தான்," என்று ஒப்புக்கொண்டார் டெல்மர். "ஆனா பாவி."

அதிலிருந்து ஆர்டிஸ் அம்மாள் தானாகவே தலைமையை எடுத்துக்கொண்டார். விருந்துக் குழுப் பெண்கள் வீட்டுக்கு ஓடி ஹேர் டிரையர்களைக் கொண்டுவந்தார்கள். வரிசையாக உட்கார்ந்து, நடுங்குகிற கன்றுக்குட்டிகளுக்குச் சூடு காட்டுவதுபோல மரக்கட்டைகளுக்குச் சூடு காட்டித் துடைத்தார்கள். வால்நட் மரத்தின் ரேகைகள் ஒவ்வொன்றாக விழித்தன. எல்லா டிரையர்களும் ஒரே நேரத்தில் ஓடிய கணத்தில் 'பட்' என்று ஒரு சத்தம். விளக்கு போனது. மாடியில் ஆர்கன் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.

அடக்க ஆராதனை மெழுகுவர்த்தியில்தான் நடந்தது. ஆர்கன் இல்லாமல் ஊரே வெறும் குரலில் பாடியது. கீழே இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், எந்தத் துப்பாக்கியின் பாகம் எதற்கு என்று தெரியாமல் ஏழு பேரும் குவியலிலிருந்து எடுத்தெடுத்துப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு சுருள்வில் மிஞ்சியது. ஹார்லன் அதைப் பார்த்தார், டெல்மரைப் பார்த்தார், சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எந்தத் துப்பாக்கியோடதுடா அது?"

"கேக்காத. ஏழு பேருக்கும் தைரியம் சமமா இருக்கட்டும்."

கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே, காற்றுக்கு மறைப்பே இல்லாத மேட்டில் இருந்தது. சவ வண்டிக்குப் பின்னால் மறைந்து நின்று டெல்மர் வெறும் துப்பாக்கியின் விசையை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, கேள்வி கேட்டு நெடுநேரம் யோசித்துப் பதில் சொல்கிறவனைப் போல, உள்ளேயிருந்து 'டொக்' என்றது.

தோட்டாவைத் தட்டும் ஊசியைச் சுற்றிக் கிரீஸ் மிச்சமிருந்தது. குளிரில் அது மறுபடியும் உறைந்துகொண்டிருந்தது. இப்படியே சுட்டால் ஏழும் ஏழு நேரத்தில் வெடிக்கும். சில வெடிக்கவே செய்யாது. செல்மாவுக்கோ வாக்குக் கொடுத்தாயிற்று. சுடாமலே தட்டச்சு செய்துவிட்டு வந்தவன், சுட்டுவிட்டு வந்தவரை இப்படியா அனுப்புவது?

அவர் நிமிர்ந்து நடந்து போய்ப் பாஸ்டரின் காதில் குனிந்தார்.

"ஜெபத்தைக் கொஞ்சம் இழுங்க, ஐயா."

"எவ்வளவு?"

"ஹாரன் அடிக்கிற வரைக்கும்."

சுருக்கமான ஜெபத்துக்குப் பேர்போன பாஸ்டர் கண்ணை மூடினார். முதலில் கில்மனுக்காக ஜெபித்தார். பிறகு கோதுமை விலைக்காக. பிறகு சாலையில் பனி தள்ளும் ஓட்டுநருக்காக. ஏழு துப்பாக்கிகளும் ஏழு கார்களுக்குள் ஹீட்டர் வாய்க்கு நேரே, அவரவர் மடியில் படுத்திருந்தன. பாஸ்டர் பக்கத்து ஊர்க் கத்தோலிக்கர்களுக்காக ஜெபித்தார். கூட்டம் லேசாக நிமிர்ந்து பார்த்தது. போன வாரம் நம்மைத் தோற்கடித்த பள்ளியின் கால்பந்து அணிக்காக அவர் ஜெபிக்கத் தொடங்கியபோது முணுமுணுப்பு எழுந்தது.

நல்லவேளை, ஹாரன் அடித்தது.

ஏழு பேரும் வெள்ளைக் கையுறையோடு ஓடிவந்து வரிசையில் நின்றார்கள். டெல்மர் வயிற்றிலிருந்து குரலெடுத்தார். குண்டில்லாத தோட்டாக்கள்தான். ஆனால் ஏழும் ஒரே சத்தமாக வெடித்தன. மறுபடியும். மறுபடியும். மூன்றாவது வேட்டின் எதிரொலி வயல்களைத் தாண்டி ரயில் பாதை வரைக்கும் உருண்டு போனது. சூடேறிய குழல்களிலிருந்து மெழுகு வாசனையோடு பழுப்பு நிறப் புகை எழுந்து, ஒரு பெரிய விலங்கு மூச்சு விட்டதுபோல மேட்டின்மேல் நின்றது. சிலர் அழுதார்கள். சிலர் இருமினார்கள்.

"துப்பாக்கி இறக்கு!" என்றார் டெல்மர்.

யாரும் இறக்கவில்லை. வலது கையுறைகள் கட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. ஹார்லன் இழுத்துப் பார்த்துவிட்டு, கையை மட்டும் உருவிக்கொண்டார். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். ஏழு துப்பாக்கிகளை ஏழு வெறும் கையுறைகள் இறுகப் பற்றியபடியே நின்றன.

மடித்த கொடியைச் செல்மாவிடம் கொடுக்கும் பொறுப்பு டெல்மருடையது. கையுறை இல்லாத கையால் எடுத்து, முழங்கால் மடித்து, மனப்பாடம் செய்த வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் பார்த்தார். கொடியின் வெள்ளை நட்சத்திரம் ஒன்றில், அச்சடித்தது போல, ஒரு பழுப்புக் கட்டைவிரல் ரேகை.

விருந்தில் அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. பன்றித் தொடை வழக்கத்தைவிட நன்றாயிருக்கிறது, புகை போட்டீர்களா என்று எல்லாரும் ஆர்டிஸ் அம்மாளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டெல்மர் தட்டை வைத்துவிட்டு, செல்மா உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார். கொடி அவர் மடியில் இருந்தது.

"மன்னிச்சிடுங்க. அந்தக் கறை... வெளுக்கக் குடுத்துடலாம்."

"எது? இதுவா?"

"அந்தத் துப்பாக்கி கிரீஸ்தான். எவனோ ஒருத்தன் வருஷக்கணக்கா போகாத மாதிரி அப்பி வச்சிருக்கான். காலையிலேர்ந்து நாங்க ஏழு பேரும் அவனைத் திட்டாத திட்டு இல்ல. கில்மன் மாதிரி ஒரு வீரருக்குப் போய் இப்படி ஆயிடுச்சேன்னு..."

செல்மா டெல்மரின் வலது கையைப் பிடித்து இழுத்துத் தன் முகத்தருகே கொண்டுபோனார். கண்ணை மூடி, மெதுவாக, ஆழமாக முகர்ந்தார். டெல்மர் என்ன செய்வதென்று தெரியாமல் கையைக் கொடுத்துவிட்டு நின்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணைத் திறந்தபோது, அந்த வாரம் முழுக்க இல்லாத ஒரு சிரிப்பு செல்மாவின் முகத்தில் இருந்தது.

"கல்யாணமான புதுசுல அவர் கையும் இப்படித்தாம்ப்பா மணக்கும், பட்டாளத்துல இருந்த காலம் பூரா கிடங்குல உக்காந்து துப்பாக்கிக்குக் கிரீஸ் பூசினதைத் தவிர அவர் வேற என்ன செஞ்சார்?"