ஒரு பாட்டும் முழுதாக வராத படம்

புகழ்பெற்ற ராக் ஆல்பங்களைப் பற்றிய ஆவணப்படங்களில் அந்த ஆல்பத்தைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும். பூட்டிக் கிடக்கும் ஸ்டூடியோவை வானத்திலிருந்து காட்டுவார்கள். ஆல்பம் வந்தபோது பிறந்தே இருக்காத ஒருவர் சோபாவில் உட்கார்ந்து, அது தன் வாழ்க்கையை மாற்றியது என்பார். நரைத்த தலையுடன் ஒலிப்பதிவாளர் ஏதோ ஒரு பொத்தானைத் தள்ளுவார். கிட்டார் மட்டும் தனியாகக் கேட்கும். நாம் நிமிர்ந்து உட்காரும் நேரத்தில் அதை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பிப்பார். இப்படிப்பட்ட படங்கள் நிறையப் பார்த்து, ஒவ்வொன்றிலும் ஏமாந்து, அடுத்தது ஏமாற்றாது என்று நம்பிக்கொண்டே இருந்தேன். அந்த நம்பிக்கை என்னோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதை என் மகளின் கல்யாணப் பேச்சுக்குள் கொண்டுபோய் வைத்தேன்.

ஜெனி தன் அலுவலகத்தில் வேலை பார்க்கும் கார்த்திக்கை விரும்புவதாகச் சொன்னபோது எங்களுக்கு மறுப்பு இல்லை. தயங்கியவர் கார்த்திக்கின் அப்பா முனிரத்தினம். பெங்களூரின் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டி, சூப்பர்வைசராகி ஓய்வு பெற்றவர். மதம்கூட அவருக்குப் பிரச்சினை இல்லையாம்; நாங்கள் இருக்கும் காக்ஸ் டவுன்தான் பிரச்சினை. "காக்ஸ் டவுன்காரங்க நாய்கிட்டகூட இங்கிலீஷ்லதான் பேசுவாங்க. உங்க அம்மா அங்க போய் எப்படிடா உக்காருவா?" என்று மகனிடம் கேட்டிருக்கிறார். (எங்கள் வீட்டில் நாய் கிடையாது. இருந்திருந்தால் ஆங்கிலத்தில்தான் பேசியிருப்போம் என்பதை நான் மறுக்கவில்லை.)

ஒரு முறை வந்து பார்க்கச் சம்மதித்தார். அவர் வேண்டாம் என்றால் பெற்றவர்களை மீறி வரமாட்டேன் என்று கார்த்திக் சொல்லிவிட்டதால், ஜெனிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த நேரத்தில்தான் எனக்கு ஒரு செய்தி கிடைத்தது. இளம் வயதில் அறை நண்பர் ஒருவரின் கேசட்டில் முனிரத்தினம் ஒரே ஒரு ஆங்கில ஆல்பத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டவர். எனக்கு உயிரான ஆல்பமும் அதுதான். அதைப் பற்றி ஒரு ஆவணப்படம் அப்போதுதான் வெளியாகியிருந்தது. இப்படி ஒரு பொருத்தம் எந்த ஜாதகத்திலும் வராது, அவர்கள் வரும் நாளில் அந்தப் படத்தையே போட்டுக் காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

"வர்றவங்களுக்குக் காபி குடுத்து நாலு வார்த்தை பேசுனா போதாதா?" என்றாள் என் மனைவி ஸ்டெல்லா. "சரி, நீங்களாவது முதல்ல ஒரு தடவை பாத்துடுங்க."

பார்க்கவில்லை. முனிரத்தினமும் நானும் ஒன்றாக முதல்முறை பார்ப்பதுதான் மரியாதை என்று எனக்குத் தோன்றியது. ஹால் சுவரை வெள்ளையாக்கினேன். வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர் தாழ்வாக இருந்ததால் என் இசைத்தட்டுப் பெட்டியை அதன் அடியில் வைத்து, ரசமட்டம் போட்டுச் சரிபார்த்தேன்.

கார்த்திக்கின் அம்மா லோகநாயகிக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் புரியாமல் விழித்துக்கொண்டிருந்தால் முனிரத்தினத்தின் பயம் உண்மையாகிவிடும். எனவே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வாக்கியம் விடாமல் தமிழில் சொல்வதென்று தீர்மானித்தேன்.

அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். படம் ஓடியது. வானத்திலிருந்து ஸ்டூடியோ வந்தது. சோபா வந்தது. பிறகு ஓர் அம்மையார் வந்தார்.

"பாடகரோட முதல் மனைவி," என்றேன். "கல்யாணமான முதல் மாசமே தெரிஞ்சுபோச்சுன்னு சொல்றாங்க."

"இன்னா தெரிஞ்சுதாம்?" என்றார் லோகநாயகி.

"தப்பு பண்ணிட்டோம்னு."

அந்த ஆல்பத்தில் டிரம்மர் எந்த இடத்தில் குச்சியைத் தவறவிடுகிறார் என்பது எனக்குத் தெரியும். அது பதிவான காலத்தில் குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் விவாகரத்து நடந்துகொண்டிருந்தது என்பது தெரியாது. படம் எடுத்தவருக்கு அது ஒன்றுதான் தெரிந்திருந்தது. முதல் மனைவிக்குப் பின் இரண்டாவது மனைவி வந்தார். பிறகு வக்கீல் வந்தார்.

"அப்பா, போதும். நிறுத்துங்க," என்றாள் ஜெனி.

"நீ சும்மா இரும்மா," என்றார் லோகநாயகி. " அண்ணா, நீங்க சொல்லுங்க. ரெண்டாவது பொண்ணு இன்னா சொல்லுது?"

"எல்லாத்துக்கும் மாமியார்தான் காரணம்னு சொல்றாங்க."

யாரும் காபியைத் தொடவில்லை. அந்த இடத்தில் நான் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். (பிறகு எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்.) ஆனால் திரையில் ஒருவர் சொல்வதை மாற்றிச் சொல்வது எனக்குப் பொய்ச்சாட்சியாகப் பட்டது.

முனிரத்தினம் கைகட்டி உட்கார்ந்திருந்தார். எப்போதாவது இசை தொடங்கியபோது மட்டும் முன்னால் சாய்ந்தார். ஒருமுறை, "ஸ்வல்ப சவுண்டு ஜாஸ்தி வைங்க சார்," என்றார். முழுதாக வைத்தேன். அந்த நொடியில் கிட்டார் நின்று, ஜீவனாம்சத்தைப் பற்றி வக்கீல் பேசியது தெருவரை கேட்டது. அதையும் மொழிபெயர்த்தேன்.

படம் முடிந்ததும் முனிரத்தினம் எழுந்தார். "வர்றோம் சார். யோசிச்சு சொல்றோம்."

கேட்டைச் சாத்திவிட்டு வந்தபோது ஜெனி அழுதுகொண்டிருந்தாள். "என் கல்யாணத்த நீங்களே டப்பிங் பண்ணி முடிச்சிட்டீங்கப்பா," என்றாள். அன்றைய டைரியில், படம் ஏமாற்றம் என்று மட்டும் எழுதினேன். மற்றதை எழுதக் கை வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முனிரத்தினம் தனியாக வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். நான் தயாரித்து வைத்திருந்த மன்னிப்பை ஆரம்பிப்பதற்குள் அவர் பேசினார்.

"மனசே ஆறல சார். ரெண்டாவது பக்கத்துல அந்தக் கிட்டார் வர்ற பாட்டு. ஆரம்பிப்பான், ஒடனே எவனாவது பேச வந்துடுவான். ஒரு பாட்டுகூட முழுசா போடல. இன்னா படம் சார் அது?"

"எனக்கும் அதே வருத்தம்தான் சார்."

"உங்ககிட்ட அந்த ரெக்கார்டு இல்லியா?"

நான் ஹாலைத் திரும்பிப் பார்த்தேன். திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் விட்டிருந்த புரொஜெக்டர் அங்கேயே இருந்தது. அதன் அடியில் பெட்டி. பெட்டிக்குள் அந்த ஆல்பம். அவரும் பார்த்தார்.

"அது மேலயா வெச்சு ஓட்டுனீங்க?" என்றார்.

இரண்டு பக்கமும் கேட்டோம். நான் எதையும் விளக்கவில்லை. அவர் கண்ணை மூடியிருந்தார். ஊசியை எடுத்த பிறகு சொன்னார்: "எங்க வீட்டுக்காரம்மா அன்னிக்கே சொல்லிட்டா. மாமியார் விஷயத்தக்கூட மறைக்காம அவ மொகத்தப் பாத்து சொன்னீங்களாம். பொய் சொல்லத் தெரியாத வீடு, பொண்ணு எடுக்கலாம்னுட்டா. எனக்குத்தான் அந்தப் படத்து மேல கோவம்."

கல்யாணம் நன்றாக நடந்தது. இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு அவர்கள் வீட்டில் சாப்பாடு. மாமியாரும் மருமகளும் ஒற்றுமையாகத்தான் இருக்கிறார்கள்; ஆனால் கோபம் வந்தால் ஜெனி சமையலறையில் ஆங்கிலத்தில் முணுமுணுப்பாள். உடனே லோகநாயகி ஹாலைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "சம்பந்தி, படத்துல வந்த ரெண்டாவது பொண்ணு பேசுது. இன்னான்னு சொல்லுங்க. ஒண்ணும் விடக்கூடாது."

போன மாதமும் கூப்பிட்டார். ஜெனி சொன்னது முழுவதும் என் காதில் விழுந்திருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"தலைவலிக்குதாம்," என்றேன்.

லோகநாயகி மருமகளைத் திரும்பிப் பார்த்தார். "அவ்ளோ நேரம் பேசுனாளே," என்றார்.