முப்பத்தொன்பது பேரைப் பழக்கம் பிடித்தவர்

ஆண்டவன் படைப்பில் எத்தனையோ ரகம். அதில் எல்லாரையும் தெரிந்த ரகம் என்று ஒன்று உண்டு. எல்லாரையும் தெரிந்தவன் ஆண்டவன் ஒருவன்தான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள், நம் கதாநாயகருக்கும் தெரியும். வங்கி வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நின்றவரைத் தெரியும், லிஃப்டில் இரண்டு மாடி கூட வந்தவரைத் தெரியும், தவறான எண்ணுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டவரையும் தெரியும். "யாரு, அவரா? நம்மாளுப்பா!" இதைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவருக்கே நம்மாளு என்று பெயர் விழுந்துவிட்டது.

தொழில்? அடமானக் கடன். வங்கிக்கு நடந்து செருப்புத் தேய்ந்த கட்டடக்காரர்கள் இவரிடம் வருவார்கள். பாதி எழும்பிய கட்டடத்தை அடமானமாக எழுதி வாங்கிக்கொண்டு, கேட்ட பணத்தைக் கொடுப்பார். யார் பணம்? அதுதானே விஷயம்! நாற்பது பேரிடம் பங்கு பங்காகத் திரட்டுகிற பணம். தன் பங்குக்கு அவர் போடுவது பேச்சு மட்டும்.

இப்படி ஊர்ப்பணத்தைத் திரட்டினால் சட்டம் சும்மா இருக்குமா? அவருடைய வக்கீலம்மா கிளிப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"விளம்பரம் பண்ணக் கூடாது சார். முன்னாடியே பழக்கம் உள்ளவங்ககிட்ட மட்டும்தான் வாங்கணும். போட்ட பணம் போனாலும் போகலாம்னு பத்திரத்துல எழுதியிருக்கேன். அத அவங்க முழுசா படிச்ச பிறகுதான் கையெழுத்து."

"முன்னாடியேன்னா எவ்வளவு முன்னாடிம்மா?"

"வருஷக் கணக்குல."

"நிமிஷக் கணக்குல ஆகாதா?"

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நம்மாளுக்கு அது சம்மதம் மாதிரித் தெரிந்தது.

அன்றிலிருந்து பழக ஆரம்பித்தார். என்ன பழக்கம், என்ன பழக்கம்! பல் டாக்டரிடம் போனால் பல் வலிக்கிறவர்களோடு பழக்கம். முடி வெட்டப் போனால் பக்கத்து நாற்காலியோடு பழக்கம். ஒருநாள், கன்னம் பூசணிக்காய் மாதிரி வீங்கி வாயே திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்த ஒருவரிடம் பன்னிரண்டு சதவீத வட்டியைப் பற்றி அரை மணி நேரம் சொன்னார். அந்த மனிதர் வலி தாங்காமல் தலையை ஆட்டினார். ஆட்டினாரா? அவர் ஒரு பங்கு! படிவத்தில் 'எவ்வளவு காலப் பழக்கம்' என்ற இடத்தில் 'சின்ன வயதிலிருந்து' என்று நம்மாளே எழுதிக்கொண்டார். யாருடைய சின்ன வயது என்று படிவம் கேட்கவில்லையே.

கையெழுத்து வாங்குவதோ தனிக் கலை. பதினாலு பக்கப் பத்திரத்தைப் பதினாலாம் பக்கத்தில்தான் திறப்பார். பேனா மூடி முன்பே கழன்றிருக்கும். யாராவது முதல் பக்கத்தைத் திருப்பப் பார்த்தால், "அட, இதெல்லாம் வக்கீலுங்க பக்கத்துக்கு இவ்வளவுன்னு வாங்கறதுக்காக எழுதறது. நானே படிச்சதில்ல, நான் நல்லா இல்லையா?" என்பார். நல்லாத்தான் இருந்தார். அதனால் முப்பத்தொன்பது பேர் போட்டுவிட்டார்கள்.

நாற்பதாவது பங்குக்குத்தான் ஆள் அகப்படவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் முழுத்தொகையும் சேர வேண்டும். இல்லாவிட்டால் கட்டடக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். வேறு வழியில்லாமல் மனைவியின் அக்கா வீட்டுக்குப் போனார். அவர் முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, போன மாதம்தான் ஓய்வு பெற்றவர். கையில் வந்த ஒரே தொகை. இனிமேல் சாகிற வரைக்கும் அதுதான் சோறு, அதுதான் மருந்து.

"இங்க ஒரு கையெழுத்துக்கா. சும்மா பேருக்கு."

"இருங்க மாப்ள, கண்ணாடி எடுத்துட்டு வரேன்."

"கண்ணாடி எதுக்கு? இடம் நான் காட்டறேனே!"

"மருந்துப் பாட்டில்ல இருக்கற பொடி எழுத்தப் படிக்காம நான் யாருக்கும் ஊசி போட்டதில்ல. எனக்கே போட்டுக்குவேனா?"

முதல் பக்கத்தைத் திருப்பினார். நம்மாளு கடிகாரத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், இரண்டு தடவை தண்ணீர் கேட்டார். ஒன்பதாம் பக்கத்தில் அக்காவின் விரல் நின்றது.

"கட்டடத்துக்கு மொத அடமானம் வங்கிக்கு, நமக்கு ரெண்டாவதுன்னு போட்டிருக்கு. அப்ப வித்தா வங்கி சாப்பிட்ட மிச்சம்தான் நமக்கா?"

"அது... சும்மா போடற வரிக்கா."

"சரி. இதும் சும்மாவா பாருங்க." பன்னிரண்டாம் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார். "'முன்பழக்கம் இல்லாதவரிடம் பணம் வாங்கியிருந்தால், அவர் கேட்ட அன்றே, என் சொந்த வீட்டை விற்றாவது முழுத்தொகையையும் திருப்பித் தருவேன்.' கீழ உங்க கையெழுத்து. நல்லா கோடெல்லாம் இழுத்துப் போட்டிருக்கீங்க."

நம்மாளு பத்திரத்தைப் பிடுங்கிப் பார்த்தார். தன் பத்திரத்தை அவர் முதல்முறையாகப் படித்தது அப்போதுதான்.

"முப்பத்தொம்பது பேர்ல எத்தனை பேர உங்களுக்கு நெசமாவே தெரியும் மாப்ள?"

விரலை மடக்கப் பார்த்தார். மடங்க ஒரு விரலும் வரவில்லை.

"எனக்கு நெசமா தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தங்கதான்க்கா."

"எனக்கும் உங்கள நல்லாத் தெரியும். அதான் போடல." பேனாவை மூடிக் கையில் கொடுத்தார். "பணம் இன்னும் கட்டடக்காரருக்குப் போகலல்ல? தங்கச்சி தலைக்கு மேல கூரை இருக்கணும். இன்னிக்கே எல்லாருக்கும் திருப்பிக் குடுங்க."

அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொருவருக்காகப் போன் போட்டார்.

"வணக்கம், உங்க பணத்தத் திருப்பித் தரலாம்னு... வங்கி நம்பர் சொன்னீங்கன்னா..."

"யாருய்யா நீ?"

"நான்தாங்க, நம்மாளு!"

"இந்த மாதிரி நாலு பேர் தெனமும் பேசறானுங்க. வை போன!"

பன்னிரண்டு பேர் வைத்துவிட்டார்கள். ஒருவர் போலீசுக்குச் சொல்வேன் என்றார். பல்வலிக்காரருக்கு இப்போது வாய் நன்றாகத் திறந்தது. திறந்து அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. வீட்டைக் காப்பாற்ற மனிதர் இன்றைக்கும் வாசல் வாசலாக ஏறி இறங்கி, 'என்னைத் தெரியுதா?' என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பாவம், சிரிக்காதீர்கள். ஒன்று மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள்: முதல் வரியிலிருந்து ஒழுங்காகப் படித்துத்தான் இங்கே வந்தீர்களா, இல்லை நடுவில் நாலு பத்தியைத் தாண்டி நேராகக் கடைசிக்கு வந்தீர்களா? அடடே, வாங்க, வாங்க. பார்த்தவுடனே தெரிந்தது, நீங்க நம்மாளுதான்!