நீராவி வால்வும் ஞாண்டிகாவின் கையும்

தானாக நடந்துகொண்டிருக்கும் வேலையில் கைவைக்காவிட்டால் சிலருக்குத் தூக்கம் வராது. இந்த வகையை நீங்கள் அவசியம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். அடுப்பில் பயறு வெந்துகொண்டிருந்தால் நிமிடத்துக்கொரு தரம் மூடியைத் திறப்பார். உகாலிக் களி கிளறும் மனைவியிடம் இன்னொரு பிடி மாவு போடு என்பார். காயப்போட்ட சட்டையைக் காய விடாமல் திருப்பித் திருப்பிப் போடுவார். வீட்டோடு போனால் தொலையட்டும். இவரைக் கொண்டுவந்து ஓர் எரிசாராய ஆலைக்கு மேலாளராகப் போட்டால்?

போட்டார்கள். முகோரோனி ஊர்ப் பக்கம், கரும்புக் காட்டுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஆலையில்தான். பெயர் ஞாண்டிகா. நான் அங்கே பரிசோதனைக் கூடத்தில் சரக்கின் வீரியம் அளக்கிறவன்.

எரிசாராயம் வடிப்பது அவசரக்காரனுக்கு ஏற்ற தொழில் இல்லை. உயரமான கோபுரத்துக்குள் ஆவி மேலே போகும், திரவம் கீழே வழியும், தட்டுக்குத் தட்டு இரண்டும் சந்திக்கும். திரவத்திலிருக்கும் சாராயம் மெல்ல ஊர்ந்து விளிம்புக்கு வந்து ஆவியில் ஏற வேண்டும்; ஆவியிலிருக்கும் தண்ணீர் அதே போல ஊர்ந்து இறங்க வேண்டும். பாடப்புத்தகம் இந்த ஊர்தலுக்குப் பரவல் என்று பெயர் வைத்திருக்கிறது. கிசுமு பேருந்து நிலையத்தில் ஆளேற்றும் மத்தாத்து வேனின் வாசலைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். வண்டி கொஞ்சம் நின்றால் இறங்குகிறவர் இறங்குவார், ஏறுகிறவர் ஏறுவார். நிற்காமல் பறந்தால் யார் ஏறுவது?

ஒரு நாள் மருந்துக் கம்பெனி டேங்கர் வாசலில் நின்றது. தொண்ணூற்றாறு சதவீதம் இருந்தால்தான் ஏற்றுவார்கள். டேங்கர் வெறுமனே திரும்பினால் கோபுரத்தைப் பார்த்துக்கொள்ளும் அச்சோலாவின் தற்காலிக வேலை அத்தோடு சரி, தேறினால் நிரந்தரம். காலையில் தொண்ணூற்றைந்து. அச்சோலா காத்திருந்தாள். ஞாண்டிகாவால் முடியுமா?

"என்னம்மா, நத்தை மாதிரி ஏறுது? டேங்கர்காரன் மூணாவது டீ குடிச்சிட்டான்!"

"ஏறட்டும் பாஸ், தொடாதீங்க. மதியத்துக்குள்ள வந்துரும்."

தொட்டார். நீராவி வால்வை ஒரு சுற்று திறந்தார். கோபுரம் உறுமியது. நான் அளந்தேன்: தொண்ணூற்று மூன்று.

"பாத்தியா, குறையுது! ஆவி பத்தல!" இன்னொரு சுற்று. தொண்ணூற்றொன்று.

"ஆவி பத்தாம இல்ல பாஸ். போற வேகத்துல தண்ணியையும் முதுகுல தூக்கிட்டு ஓடுது. சாராயம் ஏறுறதுக்கு நேரம் குடுங்க!"

"கெம் ஊர்க்காரி இல்லையா, படிச்சவங்க ஊரு! எனக்கே பாடம் எடுக்குறா, கேட்டீங்களா?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, டேங்கர்காரரைச் சமாதானப்படுத்த வாசலுக்குப் போனார்.

அந்தப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. அச்சோலா வால்வைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தாள். கெட்ட சரக்கை மறுபடி கோபுரத்துக்கே அனுப்பினாள். பிறகு 'முதன்மை நீராவி' என்ற சிவப்புத் தகட்டைக் கழற்றி, பழைய கொதிகலனோடு செத்துப்போய், பக்கத்திலேயே அதே மாதிரி நின்ற ஒரு குழாயின் வால்வில் மாட்டினாள். அசல் வால்வில் 'பழுது, தொடாதே' என்று எழுதித் தொங்கவிட்டாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் வேலை வேண்டுமே.

ஞாண்டிகா திரும்பி வந்தார், தகட்டைப் பார்த்தார், திருகத் தொடங்கினார். அரைச் சுற்று திறப்பார், கால் சுற்று மூடுவார், காதை வைத்துக் கேட்பார், வியர்வையைத் துடைப்பார். கோபுரம் அது பாட்டுக்கு அடங்கியது. தொண்ணூற்று நான்கு. தொண்ணூற்றைந்து. மதியம் இரண்டு மணிக்குத் தொண்ணூற்றாறு.

"பாத்தீங்களா? பதமாத் திருகணும். எல்லாருக்கும் கை வராது."

"உங்க கை இல்லாம நடக்குமா பாஸ்!" என்றாள் அச்சோலா, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

டேங்கர் நிரம்பிப் போனது. அச்சோலாவை நிரந்தரமாக்கச் சொல்லி அவரே கடிதம் எழுதினார்: 'சொன்ன பேச்சைக் கேட்பவர்.' அன்றிலிருந்து எங்கள் ஆலையில் சரக்கு ஒருநாளும் கெடவில்லை. அந்தச் செத்த வால்வுக்கு மட்டும் திங்கட்கிழமை தவறாமல் எண்ணெய் போடுகிறோம்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ, நீங்கள் எவ்வளவு திருகினாலும் யாரும் முகம் சுளிக்காமல், "நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்று உங்களிடம் விட்டுவைத்திருக்கும் வேலை ஏதாவது இருக்கிறதா? இருந்தால், யாரும் பார்க்காதபோது குனிந்து, அந்தக் குழாய் எங்கே போகிறது என்று ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.